இரவு விருந்தாளிகள்: வீட்டுப் பின்புறத்தில் அந்துப்பூச்சிகளை எண்ணுவோம்



உங்கள் வீட்டுச் சுவரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சமையலறை மூலையிலோ, குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ, சாம்பல் நிறத்தில், பூசணி விதையைப்போல் தட்டையாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மண் துகள் என்று எண்ணி அதைத் துடைப்பத்தால் தட்டிவிடுவது நம் வழக்கம். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்த 'மண்' நகரும். ஒரு முனையிலிருந்து சின்னஞ்சிறு தலை ஒன்று எட்டிப் பார்க்கும். சுவரைப் பற்றிக்கொண்டு தன் வீட்டையே இழுத்துச் செல்லும். தொட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளும். பிறகு மறுமுனை வழியாகத் தலையை நீட்டும். அந்தக் கூட்டுக்கு இருபுறமும் வாசல் உண்டு.

அது ஒரு புழு. சிலந்தி வலையையும், செத்த பூச்சிகளையும், உதிர்ந்த தலைமுடியையும் தின்று வளர்ந்து, பின்னர் இறக்கை முளைத்து ஒரு சிறிய அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. இத்தனை காலமும் நம்மோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் இந்த உயிரின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. அப்படியானால், இரவில் வாசல் விளக்கைச் சுற்றும் மற்றப் பூச்சிகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இன்றைய உரையில் அந்த இரவு விருந்தாளிகளை எண்ணுவது எப்படி, படம் பிடிப்பது எப்படி, அதனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு என்ன பயன் என்பதைக் காண்போம்.

முதலில் அந்துப்பூச்சி என்றால் என்ன? அரிசியில் விழும் அந்தும், விளக்கில் விழும் விட்டிலும், கையகல இறக்கையோடு சுவரில் வந்தமரும் பெரிய பூச்சியும் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவை வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. இரண்டின் இறக்கைகளும் நுண்ணிய செதில்களால் மூடப்பட்டவை. நம் விரலில் ஒட்டும் 'தூள்' அந்தச் செதில்கள்தாம். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டூசித் தலைபோல் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் கொம்போ நூலைப் போலவோ, இறகைப் போலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறக்கைகளை மேலே சேர்த்து வைத்து அமரும். அந்துப்பூச்சி பெரும்பாலும் விரித்தோ, கூரைபோல் மடித்தோ அமரும். உலகில் வண்ணத்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 18,000 என்றால், அந்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 160,000 என அறிஞர் கணக்கிடுகின்றனர். பகலில் நாம் பார்த்து மகிழும் கூட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் நாம் உறங்கும்போது பறந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பு. பின்புறம் ஒரு கொய்யா மரம், இரண்டு பப்பாளி, கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கொடி, ஒரு துணிக்கொடி. வேலிக்கு அப்பால் செம்பனை மரங்கள். ஒரு பள்ளி விடுமுறையில், பிள்ளைகளோடு சேர்ந்து, அந்தத் துணிக்கொடியில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னே விளக்கு ஒன்றை ஏற்றினோம். சற்று நேரத்தில் வேட்டியில் புள்ளிபுள்ளியாகப் பூச்சிகள் வந்து அமர்ந்தன. அதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி கையில் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

"ஏன் ஐயா, எதுக்கு இந்தச் சனியனையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடுறீங்க? அந்தத் தூள் கண்ணுல பட்டா கண்ணு போயிடும். புள்ளைங்க வேற பக்கத்துல நிக்குதுங்க."

"கண்ணு போகாது பாட்டி. ஊசலாட்டம் முடியுள்ள புழுவைத் தொட்டாத்தான் எரியும். இது இறக்கை முளைச்சது. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க" என்று நாற்காலி போட்டோம். அவர் உட்கார்ந்தார், ஆனால் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வேலியோரச் செம்பனை மட்டையில் தொங்கிய சிறு கூடு ஒன்றை எடுத்துவந்து பாட்டியிடம் காட்டினர். காய்ந்த இலைத் துண்டுகளை ஒட்டிச் செய்த கூடு. பாட்டி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதைத் தெரியாதா எனக்கு? இதுக்காகத்தானே அந்தக் காலத்துல முதுகுல தோம்பைச் சுமந்தோம். மருந்து அடிச்சு அடிச்சு கைத்தோல் உரிஞ்சதுதான் மிச்சம். மூணு மாசம் போனா மறுபடியும் வந்து நிக்கும்."

நேயர்களே, பாட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மலாய் மொழியில் இந்தப் புழுவை 'உலாட் புங்குஸ்' என்பார்கள். கடையில் தேநீரைப் 'புங்குஸ்' என்று கேட்டால் கட்டித் தருவார்களே, அதே சொல்தான். தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்ட புழு. இதுவும் ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளைதான். ஆண் மட்டுமே இறக்கையோடு வெளியே பறக்கும். பெண்ணுக்கு இறக்கையே இல்லை. கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, அங்கேயே மடியும். குஞ்சுப் புழுக்கள் மெல்லிய நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து அடுத்த மரத்துக்குச் செல்லும். ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பாட்டி சொன்ன 'மூணு மாசம்' இதுதான்.

அடித்த பிறகும் அது ஏன் திரும்பி வந்தது? செம்பனைத் தோட்டங்களில் இந்தப் புழு எப்போதும் இருந்ததுதான். ஆனால் அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளும், அதைக் குத்தி உறிஞ்சும் பூச்சிகளும் உடன் இருந்து அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. 1950களின் பிற்பகுதியில், பட்டதையெல்லாம் கொல்லும் டையெல்ட்ரின், எண்ட்ரின், டி.டி.டி. போன்ற நஞ்சுகள் தெளிக்கப்பட்டன. புழுவுக்குக் கூடு என்னும் கவசம் இருந்தது. குளவிக்கு ஏது கவசம்? காவலர்கள் செத்தனர்; தப்பிய திருடர்கள் பெருகினர். மேலும் அடித்தனர், மேலும் பெருகியது. பி. ஜே. வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் 1960களில் இதை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமே அந்த 'மருந்து'தான் என்று காட்டினார். கண்மூடித்தனமாகத் தெளிப்பதை நிறுத்தியபின் காவல் பூச்சிகள் மீண்டன, புழுக்கள் குறைந்தன. 1968ஆம் ஆண்டில் அவர் எழுதிய செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூல் தோட்டத் துறைக்கு வழிகாட்டியாக அமைந்தது.

இந்தப் புழு சாதாரணமானது என்று நாம் சொல்லவில்லை. கடுமையாகப் பரவினால் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையலாம். 2013ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் இதனை ஆபத்தான பூச்சியாகச் சட்டப்படி அறிவித்தது. ஆனால் இன்று சரியாக நடத்தப்படும் தோட்டங்களில் முதல் வேலை தெளிப்பது அன்று, எண்ணுவது. ஒரு மட்டைக்கு எத்தனை புழு, அவற்றில் உயிருள்ளவை எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள். தோட்டச் சாலை ஓரங்களில் மஞ்சள் பூச்செடிகளும், இளஞ்சிவப்புப் பூங்கொடிகளும் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. அந்தச் சிறு குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக வைத்தவை.

ஆகவே, எண்ணுவது பொழுதுபோக்கு மட்டும் அன்று. அது ஓர் அறிவு. அந்த அறிவை நம் வீட்டுப் பின்புறத்திலேயே பழகலாம்.

இதை நமக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர் 1855ஆம் ஆண்டு இறுதியிலும் 1856ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் சரவாக்கில் ஒரு குன்றின்மேல் இருந்த மரவீட்டில் தங்கினார். அந்த வீட்டுத் தாழ்வாரம் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. அங்கே விளக்கை வைத்துக்கொண்டு, வந்தமரும் அந்துப்பூச்சிகளை இரவுதோறும் பிடித்துக் கணக்கு எழுதினார். 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றுள் 800க்கு மேற்பட்டவை நான்கே நான்கு இரவுகளில் கிடைத்தவை. அந்த நான்கும் மழை பெய்த, நல்ல இருட்டான இரவுகள். எண்ணியதோடு மழையையும் இருட்டையும் சேர்த்து எழுதியதால்தான் அந்த உண்மை அவருக்குப் புலப்பட்டது. அன்று படம் பிடிக்க வசதி இல்லை. பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தி வைத்தார். இன்று நம் கையில் படம் பிடிக்கும் தொலைபேசி இருக்கிறது. கொல்ல வேண்டிய தேவை இல்லை.

இனி, செய்முறைக்கு வருவோம்.

வேண்டிய பொருள்கள் நான்கு: வெள்ளைத் துணி, விளக்கு, நோட்டுப் புத்தகம், தொலைபேசி. துணி பழைய வேட்டியாகவோ படுக்கை விரிப்பாகவோ இருக்கலாம். அதன் கீழ்முனை தரையில் சிறிது விரிந்து கிடக்கட்டும். சில பூச்சிகள் கீழேயே அமரும். விளக்குக்கு நாம் 'கலிமந்தாங்' என்று சொல்லும் வெள்ளைக் குழல்விளக்கு நல்லது. மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்குக்குக் குறைவாகவே வரும். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளி அதில் இல்லாததே காரணம். புற ஊதா விளக்கு வைத்திருப்போர் அதை நேராகப் பார்க்கலாகாது. பிள்ளைகளையும் பார்க்க விடலாகாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நம் நாட்காட்டி உதவும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் குறைவாக வரும். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான, மழை விட்ட இரவுகளே சிறந்தவை. மழை தூறும்போது மின்கம்பியும் ஈரமும் சேராதபடி விளக்கைக் கூரைக்கு உள்ளே வைக்க வேண்டும். செம்பனை ஓரத்தில் நாகம் நடமாடும். ஆகவே காலணி அணியாமல், கைவிளக்கு இல்லாமல் புல்லில் இறங்கக் கூடாது. கொசுக்கடியிலிருந்து காத்துக்கொள்ள நீண்ட கைச்சட்டை அணிவது நலம்.

விளக்குக்கு வராத பூச்சிகளும் உண்டு. அவற்றுக்கு விருந்து வைக்க வேண்டும். கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பழுப்புச் சீனியோடு பிசைந்து, ஓரிரு நாள் மூடிவைத்துப் புளிக்க விடுங்கள். மாலையில் அதைக் கொய்யா மரத்தின் அடியில் பூசுங்கள். பழச்சாறு குடிக்கும் பெரிய பூச்சிகள் அங்கே வந்து நீண்ட நேரம் அமர்ந்திருக்கும்.

படம் பிடிக்கும்போது சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். பூச்சிக்கு நேர் மேலே, தொலைபேசியை அதன் இறக்கைக்கு இணையாகப் பிடித்து ஒரு படம். பக்கவாட்டில் ஒரு படம். கொம்பு தெரியும்படி முகத்தை ஒரு படம். பளிச்சிடும் ஒளியைப் போட்டால் இறக்கையின் கோடுகள் வெளுத்துவிடும். அதற்குப் பதிலாக, கைவிளக்கின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளைச் சுற்றி ஒரு பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அளவு தெரிவதற்கு அருகில் ஒரு 10 சென் நாணயத்தை வைக்கலாம். இப்போது புழங்கும் நாணயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அவசரப்படாதீர்கள். விடியற்காலையில் துணியிலும் சுவரிலும் அசையாமல் அமர்ந்திருக்கும் பூச்சியே நல்ல படத்துக்கு இடம் கொடுக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், மழையா வெயிலா, நிலவு எப்படி, எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கவலை இல்லை. 'பழுப்பு, வெள்ளைக் கோடு, கட்டை விரல் அளவு' என்று எழுதினாலும் அது சாட்சிதான். எதுவுமே வராத இரவையும் எழுத வேண்டும். பெயர் அறிய விரும்புவோருக்கு, தென்கிழக்காசிய அந்துப்பூச்சிகளைப் பற்றி ஹென்ரி பார்லோ 1982ஆம் ஆண்டில் எழுதிய அறிமுக நூல் உண்டு. 'ஐநேச்சுரலிஸ்ட்' என்னும் இணையத்தளத்தில் படத்தைச் சேர்த்தால், தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தில் பல நாட்டு மக்கள் இவ்வாறே தத்தம் வீட்டில் அந்துப்பூச்சிகளை எண்ணுகிறார்கள். இவ்வழக்கம் 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது.

யார் யார் வருவார்கள்? சர்க்கரைவள்ளி இலையைத் தின்று வளர்ந்த பருந்துப்பூச்சி வரலாம். அதன் உடலைவிட நீளமான நாக்கு, கடிகாரச் சுருள்போல் சுருண்டிருக்கும். நம் பப்பாளிப் பூக்களுக்கு இரவில் வந்து மகரந்தம் சேர்ப்பவை இந்தக் குடும்பத்துப் பூச்சிகள்தாம். முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பருந்துப்பூச்சியும் உண்டு. கையில் எடுத்தால் கீச்சென்று கத்தும். தேன் திருடத் தேன்கூட்டுக்குள் நுழையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரும்பழுப்பு நிறத்தில், வெள்ளைப் பட்டையும் வாலும் கொண்ட பெரிய பூச்சி ஒன்று சில ஆண்டுகளில் திரளாக வரும். 2014ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் அது ஏராளமாக வந்தமர்ந்ததைப் பலர் கண்டனர்.

எல்லாவற்றிலும் பெரியது அட்லஸ் அந்துப்பூச்சி. இறக்கை விரிந்தால் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். இறக்கை நுனி பாம்புத் தலைபோல் தோன்றும். இவ்வளவு பெரிய பூச்சிக்கு உண்ண வாய் இல்லை. புழுவாக இருந்தபோது கொய்யா, எலுமிச்சை முதலிய இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டு, ஒரு வாரம் பத்து நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. எங்கள் வேட்டியில் அது வந்தமர்ந்த இரவில்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "வாயே இல்லையா? அப்ப இது யாரு சோத்தைக் கெடுக்கப் போவுது பாவம்" என்றார்.

இறுதியாக ஒரு கேள்வி. பூச்சி ஏன் விளக்கை நாடி வருகிறது? 'விளக்கில் விழுந்த விட்டில்போல' என்று நாம் பேச்சில் சொல்வதுண்டு. ஆசையால் வந்து அழிகிறது என்பது அதன் கருத்து. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கத்துக்குக் காட்டிக்கொண்டே பறக்கும் இயல்புடையது. இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சமாக இருப்பதால், எது மேல் எது கீழ் என்பதை அது அவ்வாறு அறிகிறது. நடுவில் நம் விளக்கு வந்துவிட்டால், அதையே வானம் என்று கொண்டு, முதுகை அதற்குத் திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது. தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. ஆசை அன்று, வழி தவறுதல்.

அப்படியானால் நம் விளக்கு அதற்கு ஒரு பொறி. ஆகவே இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துப் படம் பிடித்தபின் விளக்கை அணைத்துவிட வேண்டும். துணியை மெல்ல உதறி, பூச்சிகளைச் செடிகளுக்கு இடையில் விட வேண்டும். வெளிச்சத்தில் அப்படியே விட்டால் விடிந்ததும் மைனாக்கள் வந்து அத்தனையையும் கொத்திவிடும். வாரத்துக்கு ஓர் இரவு போதும். வாசல் விளக்கையும் தேவை இல்லாதபோது அணைத்து வைப்பது நல்லது.

அன்பு நேயர்களே, நாம் பூச்சிக்கு அடிப்பதை 'மருந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது நஞ்சு. அதை முதுகில் சுமந்தவர்கள் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும். எது பகை, எது உறவு என்று எண்ணிப் பார்க்காமல் அடிக்கச் சொன்ன காலத்தின் விலையை அவர்கள் கைகள் கொடுத்தன. நம் பிள்ளைகள் ஒரு வெள்ளைத் துணியின் முன்னே அமர்ந்து, வந்த பூச்சிகளில் பெரும்பாலானவை யாருக்கும் கேடு செய்யாதவை என்பதைத் தாங்களே எண்ணிக் கண்டுகொண்டால், நாளை அவர்கள் கையில் தெளிப்பான் வந்தாலும், மேலாளர் பதவியே வந்தாலும், முதலில் மட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இப்போது சனிக்கிழமை இரவுகளில் தம் நாற்காலியைத் தாமே எடுத்து வருகிறார். எழுதப் படிக்க அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை எழுத, அவர் விரல் விட்டு எண்ணுகிறார். வரும் அமாவாசை இரவில் உங்கள் வீட்டுத் துணிக்கொடியிலும் ஒரு வெள்ளை வேட்டி தொங்கட்டும்.